உம் கொட்டும் பிள்ளை

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு தாயிடம் போய், "உங்க பாப்பாவோட மூளை வளர்ச்சியப் பத்திக் கொஞ்சம் பேசலாங்களா?" என்று கேட்டால் அவர் முகம் மாறிவிடும். "ஏனுங்க, எம்புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்பதுதான் முதல் பதிலாக வரும். ஊர்ப் பேச்சில் 'மூளை வளர்ச்சி' என்ற தொடர் நல்ல செய்தியோடு வந்து பழக்கமில்லை. 'மூளை வளர்ச்சி இல்லாத புள்ள', 'மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பள்ளி' என்று குறையைச் சொல்லத்தான் அது காலங்காலமாகப் பயன்பட்டிருக்கிறது. எடை, உயரம், தடுப்பூசி என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. மூளை வளர்ச்சி என்றால் யாரோ ஒரு பிள்ளையின் குறை.

அரசு ஆவணத்தில் இதே தொடர் வேறு தொனியில் வருகிறது. ஒரு குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. அதைப் படிக்கும் அதிகாரிக்கு அது திட்டம். மழலையர் பள்ளி நடத்துபவருக்கு விளம்பர வாசகம். குழந்தை மருத்துவருக்குத் தலைச் சுற்றளவும் மைல்ஸ்டோனும். ஒரே தொடர், ஆளுக்கொரு பொருள்.

பேச்சு வராத இரண்டரை வயதுப் பையன் ஒருவனைச் சுற்றி என்னென்ன சொற்கள் புழங்கும் என்று எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வீட்டில் அப்பாவைப் பெற்ற ஆத்தா, "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், விடு கண்ணு" என்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார். அதற்கு இன்னொரு பெயரே பிள்ளை வளர்ப்பான். பால்வாடி டீச்சர் 'கொஞ்சம் சுணக்கம்' என்பார். மருத்துவர் 'ஸ்பீச் டிலே' என்று எழுதிக் காதைப் பரிசோதிக்க அனுப்புவார். பேச்சுப் பயிற்சியாளர் 'ஐ கான்டாக்ட்' பற்றிக் கேட்பார். எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன இடத்தில் 'ஸ்லோ' என்ற ஒரு சொல்லோடு கதவு பாதி மூடிக்கொள்ளும். இந்த ஆறு பேரும் ஒரே பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் சொல் இன்னொருவர் காதில் ஏறுவதில்லை. இத்தனை சொற்களையும் சுமந்துகொண்டு அறை அறையாக அலைகிறவர் தாய் ஒருவர்தான்.

ஆகவே தமிழில் சொல் இல்லை என்று புலம்புவதில் பொருளில்லை. சொற்கள் ஏராளம். அவை ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியதில்லை.

இப்படி உட்கார வைக்க முடியுமா என்ற முயற்சி அமெரிக்காவில் கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது. குழந்தைப் பருவ அறிவியலைத் தொகுத்து 'ஃப்ரம் நியூரான்ஸ் டு நெய்பர்ஹுட்ஸ்' என்ற பெரிய அறிக்கை 2000-இல் வந்தது. அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவரான குழந்தை மருத்துவர் ஜாக் ஷான்காஃப், 2003-இல் விஞ்ஞானிகளைக் கூட்டி ஓர் அவை அமைத்தார். அவர்களுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்தது. ஆய்வு முடிவை எத்தனை முறை சொன்னாலும் மக்கள் தமக்குத் தெரிந்த பழைய பாத்திரத்தில்தான் அதை ஊற்றி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே சூசன் நால் பேல்ஸ் நிறுவிய ஃப்ரேம்வொர்க்ஸ் என்ற மொழி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, எந்த உவமை கேட்பவர் மனத்தில் ஒட்டுகிறது, எது வழுக்குகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். தேறியவை சில. மூளை ஒரு கட்டடம் போல அடித்தளத்திலிருந்து எழும்புகிறது. குழந்தையும் பெரியவரும் டென்னிஸ் ஆட்டம் போல மாறி மாறி 'சர்வ் அண்ட் ரிட்டர்ன்' ஆடுவதில் அந்தக் கட்டடம் உறுதிப்படுகிறது. துணைக்கு ஆளில்லாமல் நீடிக்கும் கடும் நெருக்கடி நஞ்சாகி அதை அரிக்கிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. கால்கரியில் இயங்கும் பாலிக்ஸ் அறக்கட்டளை 'பிரெயின் ஸ்டோரி' என்ற பெயரில் இலவச இணையப் பாடம் ஒன்றை உருவாக்கியது. குழந்தைநலத்தில் ஈடுபடும் யாராக இருந்தாலும், மருத்துவரோ ஆசிரியரோ சமூகப் பணியாளரோ, ஒரே கதையைப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவரவர் துறைச் சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. சந்திக்கும்போது பேச ஒரு பொதுப்பேச்சு இருக்கட்டும் என்றார்கள்.

கொங்கு நாட்டில் டென்னிஸ் உவமை எடுபடாது. கட்டட உவமை எடுபடும், ஆனால் தவறான இடத்தில். அஸ்திவாரம் கோணினால் வீடே போச்சு என்று கொத்தனார் சொல்லிக் கேட்டுப் பழகிய ஊர் இது. அப்படி ஒரு படத்தை மூன்று வயதுப் பிள்ளையின் தாய் தலையில் ஏற்றுவது கொடுமை. மூளை அவ்வளவு பிடிவாதமான பொருளும் அல்ல.

பொதுமொழி ஒன்று தமிழ்நாட்டில் ஏற்கனவே ஒருமுறை வெற்றி பெற்றிருக்கிறது, மூளையில் அல்லாமல் உடம்பில். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1980-இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் இறங்கியது. அதன் உயிர்நாடி ஒரு தராசும் ஓர் அட்டையும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். கோடு மேலே போனால் சரி, படுத்தால் 90 நாளைக்குச் சத்துணவு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். 'இந்த மாசம் எடை ஏறலீங்க' என்பது மருத்துவர், ஊழியர், தாய், மாமியார் நால்வருக்கும் ஒரே பொருள் தரும் வாக்கியமாயிற்று. இன்றும் எந்தப் பால்வாடியிலும் அந்த வாக்கியத்தைக் கேட்கலாம்.

மூளைக்குத் தராசு இல்லை. பக்கத்து மாநிலத்தில் ஓரளவு நெருங்கிப் பார்த்தார்கள். திருவனந்தபுரத்தில் குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயரும் குழுவினரும் உருவாக்கிய வளர்ச்சிப் பரிசோதனை அட்டையில் மொத்தமே 17 வரிகள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, பற்றிக்கொண்டு எழுவது, பொம்மையின் உறுப்பைத் தொட்டுக் காட்டுவது என்று இரண்டு வயது வரைக்கும் போகும். பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுசாகக் கிடக்கும் எதையாவது பிள்ளை செய்யவில்லை என்றால் மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை. எவ்வளவு எளிய கருவியோ அவ்வளவு தூரம் மொழி பரவும் என்பதற்கு அந்தப் பென்சில் போதும்.

தமிழ்நாட்டில் தாய் சேய் நல அட்டையிலும் இப்படி வளர்ச்சிப் படிகள் படமாக அச்சாகியுள்ளன. ஆனால் எடைக்கோடு உள்ள பக்கத்துக்குக் கிடைக்கும் கவனம் அந்தப் பக்கத்துக்குக் கிடைப்பது அரிது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் பால்வாடிக்கு வந்து உட்காருவதில்லை. தாய் வருவது சத்துமாவுப் பொட்டலம் வாங்கவும் எடை பார்க்கவும்தான். அந்த ஐந்து நிமிடத்தில் ஊழியர் என்ன சொல்கிறார் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி முழுக்க அடங்கியிருக்கிறது.

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வியோடு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர் இருந்தார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன். இசை ரசிகர்களுக்கு அவர் கீர்த்தனை இயற்றியவர். நூலகம் போகிறவர்களுக்குக் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். குழந்தை உளவியலைத் தமிழில் பேச வைத்தவர் என்ற மூன்றாவது முகத்தைச் சொந்த ஊரே பாதி மறந்துவிட்டது. தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கி, பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைகொண்ட ராமகிருஷ்ண வித்யாலயத்தில் தூரன் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வந்த எழுத்து அவருடையது. 'குழந்தை உள்ளம்', 'கருவில் வளரும் குழந்தை', 'பாரம்பரியம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்', 'மனமும் அதன் விளக்கமும்' என்ற தலைப்புகளே போதும், அவர் யாருக்காக எழுதினார் என்று தெரிய. விஞ்ஞானியின் மேசைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே உட்கார்ந்து எழுதினார்.

அந்தச் சொற்களுக்கு நேர்ந்தது ஒரு தனிப் பாடம். 'தாழ்வு மனப்பான்மை' இன்று பேருந்து நிறுத்தத்தில்கூடப் புழங்குகிறது. 'அடிமனம்' பாதி வென்றது. ஆழ்மனம் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'பாரம்பரியம்' தோற்றுப்போனது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உயிரியல் சொத்து என்ற பொருளில் தூரன் அதை வைத்தார். இன்று பாரம்பரியம் என்றால் கம்பங்கூழும் பட்டுச்சேலையும். உயிரியல் பக்கத்தை மரபணு எடுத்துக்கொண்டது. மனிதர் வாயில் எது ஏறும், எது ஏறாது என்பதை அகராதிக் குழு தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தூரன் தனி மரமும் அல்லர். மூளையையும் நரம்பையும் தமிழில் சொல்லும் வேலை 19-ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கியது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார். கொங்கின் வடகோடியில், சேலத்தில், 1916-இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து இதழும் நடத்தினர். மதராஸ் மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அதன் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தது. அதை அடுத்து 1968 தொடங்கி 1976 வரை பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம். இரண்டுக்கும் தூரன்தான் பொறுப்பு. அதே அவினாசிலிங்கம் 1957-இல் கோவையில் தொடங்கிய மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் ஊட்டச்சத்தையும் குழந்தை வளர்ப்பையும் பெண்கள் படிக்கும் பட்டப்படிப்பாக வளர்த்தார். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு பக்கம் குழந்தையின் உடம்பு, மறுபக்கம் குழந்தையின் மனம், நடுவே அவற்றுக்குத் தமிழ். இவ்வளவும் ஒரே தலைமுறையில் நடந்த ஊரில் இன்று எல்லாமே 'பிரெயின் டெவலப்மென்ட்' ஆகிவிட்டது சற்று வேடிக்கைதான்.

தூரனுக்குக் கிடைக்காத ஒன்று இப்போது நம்மிடம் இருக்கிறது: மூளைக்குள் நடப்பதைப் பற்றிய நேரடிச் சான்று. பிறந்த முதல் ஓரிரு ஆண்டில் நரம்பு இணைப்புகள் வளர்ந்த மனிதருக்கு இருப்பதைவிடவும் அதிகமாகப் பெருகி, பிறகு மெல்லக் குறைகின்றன என்று சிகாகோவின் பீட்டர் ஹட்டன்லோக்கர் 1979-இல் இறந்தவர்களின் மூளைத் திசுவில் எண்ணிப் பார்த்துச் சொன்னார். அண்மையில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருப்பருவச் சிசுவின் மூளையை 5,132 நுண் சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்குத் திறந்து வைத்தது.

இதை ஊர்ச் சொல்லில் சொல்ல முடியுமா? தாராளமாக. சோளக்காட்டில் நெருக்கமாக முளைத்த பயிரில் நோஞ்சானைப் பிடுங்கி இடைவெளி விடுவதை எந்தக் குடியானவரும் இழப்பாகக் கருதுவதில்லை. இணைப்புகள் குறைவதும் அப்படித்தான். பயன்படும் இணைப்பு தடிக்கிறது, பயன்படாதது உதிர்கிறது. பிறவியும் வளர்ப்பும் எப்படிக் கலக்கின்றன என்பதற்குச் சென்னிமலையிலும் பவானியிலும் வேறொரு படம் தயாராக இருக்கிறது. பிறவி என்பது தறியில் ஏறிய பாவு. அன்றாடம் நடப்பது ஊடை. பாவு மட்டும் துணியாகாது, ஊடை மட்டும் நிற்காது. இழை அறுந்தால் நெசவாளி தறியை உடைப்பதில்லை, முடிச்சுப் போட்டு மேலே போகிறார். அஸ்திவார உவமையில் இல்லாத இரக்கம் இதில் இருக்கிறது. அறிவியலுக்கும் இதுவே கொஞ்சம் நெருக்கம், ஏனென்றால் இருபது வயதைத் தாண்டியும் மூளை தன்னை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

'சர்வ் அண்ட் ரிட்டர்ன்' என்பதற்குத் தமிழ் தேட வேண்டிய வேலையே இல்லை. அம்மாவைப் பெற்ற அமுச்சி கதை சொல்லும்போது பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். "ஊம் கொட்டோணும் சாமி, இல்லீன்னா கதைய நிறுத்திப்புடுவேன்" என்பார். பேச்சு வராத கைக்குழந்தை 'ங்கா' என்றால் பெரியவர் 'ங்கா' என்கிறார். அப்போது உம் கொட்டுவது பெரியவர். ஓராண்டு கழித்து வேலை மாறுகிறது. உம் கொட்டுதல் என்ற இரண்டு சொல்லில் அழைப்பு, காத்திருப்பு, பதில், தொடர்ச்சி நான்கும் இருக்கின்றன. 1970-களின் நடுவில் எட்வர்ட் டிரானிக் அமெரிக்காவில் செய்த பெயர்பெற்ற சோதனையைக்கூட இதைக்கொண்டு விளக்கிவிடலாம். தாய் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்துவிட்டுச் சில நிமிடம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கடைசியில் கலங்கிப்போனது. தாய் எங்கும் போகவில்லை. உம் கொட்டுவதை நிறுத்தினார், அவ்வளவுதான்.

கைபேசியைப் பற்றி மேடை போட்டுத் திட்டுவதைவிட இந்தச் சொல் பயன்படும். நிலாச்சோறு ஊட்டிய கையில் இப்போது கைபேசி இருக்கிறது. அது ஓயாமல் கதை சொல்லும். பிள்ளை உம் கொட்டாவிட்டாலும் நிறுத்தாது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பு 2021-இல் சொன்னது. வெளியூரில் இருப்பவர்களோடு வீடியோ அழைப்பில் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. விலக்கின் காரணம் இப்போது விளங்கும். துபாயிலிருந்து பேசும் அப்பா உம் கொட்டுவார்.

இந்த இடத்தில் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வராமல் போகாது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை என்று மாதக் கணக்கில் பருவம் வகுத்த இலக்கியம் அது. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கையூன்றித் தலையசைக்கும் செங்கீரை, இரு கை சேர்த்துத் தட்டும் சப்பாணி, தளர்நடை போட்டு வரும் வாரானை எல்லாம் இன்றைய வளர்ச்சி அட்டையில் இருப்பவைதான். குழந்தையைக் கூர்ந்து பார்த்த கண் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் 'நம் முன்னோர் நரம்பியல் அறிந்தவர்கள்' என்று இதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது அசட்டுத்தனம். பாடப்பட்டவர்கள் தெய்வங்களும் அரசர்களும்; அந்தக் குழந்தைகளுக்குச் சப்பாணி கொட்டத் தாமதம் ஆனதே இல்லை. நமக்குத் தேவைப்படும் சொல் தாமதமாகும் பிள்ளைக்கானது.

பொதுமொழி இல்லாத இடத்தில் சந்தை கடை விரிக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு ஊர்களில் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' வகுப்புகள் களைகட்டின. நடுமூளையைத் தட்டியெழுப்பினால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கலாம் என்றார்கள், கட்டணமும் ஆயிரக்கணக்கில். பிள்ளைகள் மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்த்தார்கள் என்பதைப் பகுத்தறிவாளர்கள் பல மேடைகளில் காட்டினார்கள். அந்த அலை ஓய்ந்தது. வலமூளை இடமூளைப் பயிற்சிகள் ஓயவில்லை. கல்விக் கொள்கையின் 85 விழுக்காடு இந்தக் கடைகளுக்கு வாய்த்த பொன்முட்டை. அந்த எண் பெரும்பாலும் மூளையின் பருமனைப் பற்றியது. திறமை 85 விழுக்காடு முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. முதல் மூன்றாண்டோடு கதவு அடைபடுகிறது என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் ஜான் ப்ரூயர் 1999-இலேயே ஒரு நூல் முழுக்கக் கேள்வி கேட்டிருந்தார்.

கதவு உண்மையிலேயே சீக்கிரம் குறுகும் இடங்களும் உண்டு. காது அவற்றில் முதன்மை. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத பிள்ளைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அவ்வளவு பேச்சு வரும். அதனால்தான் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவியைச் சிறு வயதிலேயே பொருத்துகிறார்கள். கோவை அரசு மருத்துவமனையிலும் அந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கு வாய்ப்பு கூடும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 'அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்' என்ற ஆறுதல் வாக்கியம் பத்தில் பல முறை சரியாகவே இருக்கும். தவறும் ஒருமுறையில் அது விழுங்குவது அந்த மூன்று ஆண்டுகளைத்தான். ஆத்தாவைப் பழிக்காமல் அவர் வாக்கியத்தோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: "பேச்சு அப்புறம் வரட்டும், கூப்புட்டாத் திரும்புறானா பாரு கண்ணு."

சான்றுகள் என்ன சொல்கின்றன? ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87-இல் சாலி கிரந்தம்-மெக்கிரெகர் குழுவினர் உயரம் குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பகுதியினர் வீட்டுக்கு இரண்டு ஆண்டுகள், வாரம் ஒரு மணி நேரம், சுகாதாரப் பணியாளர் போனார். கையில் வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமான்கள். தாயோடும் பிள்ளையோடும் விளையாடிவிட்டு வந்தார். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அங்கே கைமாறிய சரக்கு பெரும்பாலும் பேச்சு.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு சோதனை நடந்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் மட்டும் அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினர். அவ்வளவுதான் மாற்றம். ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளோடு செலவழித்த கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, மொழியும் கணக்கும் கூடின, உயரம் குன்றியவர்களும் குறைந்தனர். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டம் அதற்கு முன்பே அங்கன்வாடிகளில் இருந்தது. ஆடவும் பாடவும் ஆளுக்கு நேரம் இல்லாமல் இருந்தது. பதிவேடு, செயலி, அடுப்பு, தேர்தல் பணி என்று ஓடும் ஒருவரிடம் உம் கொட்டச் சொல்வது எளிது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2010 முதல் நகரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. உயரக் குறைவு நீடித்த பிள்ளைகள் பின்னாளில் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினர். ரத்தத்தில் காரீயம் கூடியதும் அதே பக்கம் இழுத்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் கால்வாசிப் பேர் உயரம் குன்றியவர்கள், 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்கிறது. ஆகவே மூளையைப் பற்றிய பொதுமொழியில் சத்துமாவும் கம்பும் முருங்கைக்கீரையும் இருந்தாக வேண்டும். பேச்சும் விளையாட்டும் மட்டும் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் மொழி.

அமெரிக்கக் கதையை அப்படியே இறக்குமதி செய்வதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. கான்சாஸில் 42 குடும்பங்களைக் கவனித்த ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995-இல் ஏழை வீட்டுப் பிள்ளைகள் 3 கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்கிறார்கள் என்றார்கள். அந்த எண் உலகம் சுற்றியது. தாய் நேராகப் பிள்ளையிடம் பேசியதை மட்டும் எண்ணினால் போதுமா, கூட்டு வீட்டில் அமுச்சியும் சித்தியும் அண்ணனும் பேசுவது கணக்கில்லையா என்ற எதிர்ப்பு அதே வேகத்தில் சுற்றவில்லை. வளவு வீட்டில் பத்துப் பேர் மடியில் மாறி மாறி வளரும் பிள்ளைக்குத் தாய் ஒருத்தி மட்டுமே கணக்கு என்று சொல்லும் மொழி இந்த ஊருக்குப் பொருந்தாது. ஏதாவது பிசகினால் முதல் விரல் தாயை நோக்கித்தான் நீளும். அந்த விரலுக்கு அறிவியலின் பெயரால் மோதிரம் போட்டுவிடக் கூடாது.

நேரம் என்ற சரக்கு யாரிடம் இருக்கிறது என்பதும் மொழியின் பகுதிதான். அரசு ஊழியத்தில் உள்ள பெண்ணுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு அது கனவு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017 சட்டத் திருத்தம் சொன்னது. இலங்கை மலையகத் தோட்டங்களில் அதற்குப் 'பிள்ளைக் காம்பரா' என்று தனிப் பெயரே உண்டு. பிள்ளையைப் படுக்க வைத்து ஈ ஓட்டும் இடமா, யாராவது உம் கொட்டும் இடமா என்று கேட்கச் சட்டத்தில் சொல் இல்லை.

குறை உள்ள பிள்ளைகளுக்கான சொற்களிலும் ஒழுங்கு வர வேண்டும். ஆட்டிசத்துக்கு மட்டும் மதி இறுக்கம், தன்முனைப்புக் குறைபாடு, புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று மூன்று பெயர் அச்சில் இருக்கின்றன. கடைசிச் சொல் அந்தப் பிள்ளைகளுக்கு உலகமே இல்லை என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது. பெற்றோர்கள் பேசாமல் 'ஆட்டிசம்' என்றே சொல்கிறார்கள். அதுவே நல்லது, அந்தச் சொல் யாரையும் திட்டுவதில்லை. தென்காசி ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பித் தாய்மாருக்கே பயிற்சி சொல்லித் தருகிறது. மாவட்ட மருத்துவமனையில் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பினாலும் வாரம் ஒருநாள்தான். மீதி ஆறு நாள் பிள்ளை தாயின் மொழியில்தான் வாழ்கிறது.

மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்காக ஒன்றிய அரசு 2024-இல் 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. பிறப்பு முதல் 36 மாதம் வரை எந்த மாதம் என்ன விளையாட்டு என்ற நாட்காட்டி அதில் இருக்கிறது. உள்ளடக்கம் நல்லது. பெயரோ கோபியிலும் பல்லடத்திலும் யார் வாயிலும் நுழையாது. தூரன் இருந்தால் முதலில் தலைப்பைத்தான் மாற்றியிருப்பார். அவர் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்து 'காற்றில் வந்த கவிதை' என்று பெயர் வைத்தவர்.

பொதுமொழியின் 'பொது' எவ்வளவு பொது என்ற கேள்வி கடைசியில் திருப்பூரில் போய் நிற்கிறது. பனியன் கம்பெனி லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்கிறார்கள். அமுச்சி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். பால்வாடி தமிழில் நடக்கிறது. தமிழில் எவ்வளவு அழகான சொல் கண்டுபிடித்தாலும் அந்த லைன் வீட்டு வாசலில் அது நின்றுவிடும் என்று தோன்றலாம். ஆனால் பீகாரிலிருந்து வந்த தாயிடம், கதை கேட்கும் பிள்ளை நடுநடுவே 'ஹும்' என்று சொல்வதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டால், சட்டென்று பதில் வரும்: ஹுங்காரி பர்னா.